மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க ரயில் ஏறியவர்

மகேஸ்வரன் ஒருவரையும் நம்பமாட்டார். இதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. தான் தேடிய சொத்தாகவே நினைத்திருந்தார். சுவிஸில், பாடன் நகரத்தில் ஆற்றங்கரைப் பக்கமுள்ள மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அவர்தான் ஹவுஸ்வார்ட். படிக்கட்டைக் கழுவுவது, பனி கொட்டினால் பாதையைத் துப்புரவாக்குவது, பொதுச் சலவை அறையில் யார் யாருடைய முறையில் உடுப்புத் தோய்க்கிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் அவருடைய பொறுப்பு. காசு கட்டி வாங்கும் நகரசபை வில்லையை ஒட்டாத குப்பைப் பையை யாராவது வைத்துவிட்டால் மனிதருக்கு அன்றைக்குத் திருவிழா. கையுறையை மாட்டிக்கொண்டு பையை அவிழ்த்து, பால் பெட்டி, பூனைச் சாப்பாட்டு ரின், மருந்துக் குப்பி எல்லாவற்றையும் கிண்டி, எந்த மாடி, எந்தக் கதவு என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு அந்தக் கதவின் மணியை அடித்து, பையை உரியவரின் கையிலேயே கொடுத்து, நல்ல நாள் வாழ்த்தும் சொல்லிவிட்டு வருவார். அந்தக் கட்டடங்களில் அவரை விரும்பாதவர்கள் உண்டு. அவரை ஏமாற்றியவர்கள் இல்லை.

சந்தேகம்தான் தன்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று அவர் உறுதியாக நம்பினார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர் ஏஜென்சிக்காரன் ஒரு வானைக் காட்டி ஏறச் சொன்னபோது, ஓட்டுநரின் காலில் கிடந்த சப்பாத்து ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு இவர் ஏறாமல் நின்றுவிட்டார். ஏறியவர்கள் எல்லையில் பிடிபட்டார்கள். சப்பாத்துக்கும் பிடிபட்டதற்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை அவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து மனிதர் எல்லோருடைய சப்பாத்தையும் பார்க்கத் தொடங்கினார்.

முக்கியமாக, புதிதாக அறிமுகமாகும் தமிழனுக்குத் தன் ஊரைச் சொல்லவே மாட்டார். இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் சூரிச் ரயில் நிலையத்தில் முட்டிக்கொண்டாலும் முதல் கேள்வி "ஊரிலை எவடம்?" என்பதுதான். மகேஸ்வரன் அளவெட்டி. ஒருவருக்கு மானிப்பாய் என்பார், இன்னொருவருக்குக் கரவெட்டி என்பார். ஒருமுறை ஒரு கலியாண மண்டபத்தில் மானிப்பாய் கேட்டவரும் கரவெட்டி கேட்டவரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். மகேஸ்வரன் பாயசத்துக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய மனைவி ஜெயந்திக்கு, கலியாணம் கட்டிய காலத்திலிருந்து, தான் எந்த ஊர்க்காரி என்று ஒவ்வொரு சபையிலும் கணவனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வேணுகா என்று ஒரே ஒரு மகள். சூரிச்சில் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ற். தகப்பனுக்கு உயிர். அந்தப் பிள்ளை போன மாசி மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டது.

"அப்பா, நான் ஸ்ரான்லி எண்டு ஒருத்தரை விரும்புறன். அவையள் மன்னார், கத்தோலிக்கர். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா செய்யமாட்டன். ஆனா வேறை ஆரையும் செய்யவும் மாட்டன்."

மகேஸ்வரன் தண்ணீரைக் குடித்தார். "விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்," என்றார்.

விசாரிப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை. பேர்னுக்கு ஒரு போன், லண்டனுக்கு ஒரு போன், ரொறன்ரோவுக்கு ஒரு போன். பாட்டன் பெயரில் தொடங்கி, பின்வளவுக் கிணறு யாரோடு பங்கு என்பதுவரை வந்துவிடும். "என்ன ஆக்கள்" என்ற சாதிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமலே அதற்கான பதிலும் வந்து சேர்ந்துவிடும். எத்தனையோ பேருக்கு இவர் இப்படி விசாரித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் மன்னாரில் இவருக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. பொடியனின் தகப்பன் ஜோர்ஜ், மலைகளுக்கு நடுவே எங்கடின் என்ற பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் சமையற்காரர். தாயும் அங்கேதான் ஏதோ வேலை. அந்த மலைக்குள்ளே இவருடைய போன் ஒன்றும் எட்டவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் "தெரியாது அண்ணை" என்றார்கள். தெரியாத குடும்பம் என்றால் மறைக்க ஏதோ இருக்கிற குடும்பம் என்பதுதான் மகேஸ்வரனின் கணக்கு. வேணுகா பதில் கேட்காமல், சனிக்கிழமைகளில் வந்து, சாப்பிட்டுவிட்டு, தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஆவணி மாதம் அவர் ஜெயந்தியிடம் சொன்னார்.

"இஞ்சரும், மலைப்பக்கமா ரயிலிலை ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வருவமோ? லுசேர்ன், கூர், எங்கடின்... நீரும் நானுமா."

ஜெயந்தி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் இந்த நாட்டைப் பார்த்ததெல்லாம் கலியாண வீட்டுக்குப் போகிற வான்களின் கண்ணாடி வழியாகவும், ஜெனீவா ஐ.நா. ஊர்வலத்துக்குப் போகிற பஸ்ஸின் கண்ணாடி வழியாகவும்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் கூட வேலை செய்கிறவர்கள் மலைக்குப் போய்வந்து படம் காட்டும்போதெல்லாம் இவள் கிழங்கு உரித்துக்கொண்டே பார்ப்பாள்.

"என்னப்பா, டொக்ரர் உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?" என்றாள் பயந்துபோய்.

அவர் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. ஜெயந்தியின் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் பிறகு போய்ப் புதுச் சப்பாத்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். உளவு பார்க்கப் போனாலும் மலை மலைதானே.

இவ்வளவு கெட்டிக்காரரான மகேஸ்வரன் ஒரு வேலை செய்தார். போனில் ரயில் ரிக்கெற் எடுக்க அவருக்குத் தெரியாது. "அம்மாவுக்கு மலை காட்டப் போறன்" என்று சொல்லி, இரண்டு நாளுக்கும் ரிக்கெற்றை மகளைக் கொண்டே எடுப்பித்தார். வேணுகா ஒன்றும் கேட்காமல், எந்த ரயில், எங்கே மாறுவது என்று எல்லாம் ஒழுங்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் லுசேர்ன். அது சாட்சிக்காக. அங்கே மரப்பாலத்தில் நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பினால்தான் நாளைக்கு எங்கடின் போவது சந்தேகத்தைக் கிளப்பாது என்பது அவருடைய திட்டம். ஜெயந்தி பாலத்தில் நின்று ஏரி அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வட இந்தியத் தம்பதி தங்கள் போனை நீட்டி ஒரு படம் எடுத்துத் தரக் கேட்டார்கள். மகேஸ்வரன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். போனை வாங்கினால், பிறகு நீ விழுத்தி உடைத்தாய் என்பார்கள். இது தெரியாதா அவருக்கு. ஜெயந்திதான் வாங்கி எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பதிலுக்கு இவர்களையும் ஒரு படம் எடுத்தாள். அதில் ஜெயந்தி சிரிக்கிறாள். மகேஸ்வரன் தன் போனைப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதைத்தான் மகளுக்கு அனுப்பினார்கள். வேணுகா ஒரு சிவப்பு இதயத்தைப் பதிலாக அனுப்பினாள். ஏன் ஒன்றும் எழுதாமல் இதயத்தை மட்டும் அனுப்புகிறாள் என்று வீட்டுக்கு வரும்வரை அவர் யோசித்தார்.

மறுநாள் விடிய வெளிக்கிட்டு, சூரிச்சில் மாறி, கூருக்குப் போய் இறங்கினார்கள். பழைய நகரத்துத் தெருக்களில் கொஞ்ச நேரம் நடந்தார்கள். ஜெயந்தி ஒரு சதுக்கத்தில் கோப்பி குடிக்க ஆசைப்பட்டாள். மகேஸ்வரன் சுவரோடு ஒட்டிய கதிரையாகப் பார்த்து இருந்து, வேகமாகக் குடித்து முடித்தார். பிறகு மலை ஏறுகிற சிவப்பு ரயிலுக்கு வந்தார்கள்.

ரயில் வெளிக்கிடுகிற நேரத்தில் ஒரு தமிழ் மனுசி ஓடிவந்து ஏறினாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலியும் சிலுவையும். பெட்டியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, பாதிப் பெட்டி வெறுமையாக இருக்க, நேரே வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

மகேஸ்வரன் கைப்பையை மடிக்கு எடுத்தார். இவ்வளவு இடம் இருக்க ஏன் இங்கே வந்து இருக்கிறாள்? சிலுவையைப் பார்த்தார். சபைக்கு ஆள் பிடிக்கிறவளாக இருக்கும். அல்லது காப்புறுதி. சப்பாத்தைப் பார்த்தார். பழையது, ஆனால் புதிதாக மினுக்கியது. ஒன்றுக்கும் பிடி கிடைக்கவில்லை.

"வணக்கம் அண்ணை, வணக்கம் அக்கா. மலை பாக்க வந்தனீங்களோ?"

"ஓம்," என்றார் மகேஸ்வரன்.

"நல்லது, நல்லது. ஊரிலை எவடம் அண்ணை?"

கேட்டாளே பாருங்கள்! "கோப்பாய்," என்றார். ஜெயந்தி மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அந்த மனுசி ஒரு கணம் யோசித்தாள். "கோப்பாயோ... அப்ப இஞ்சை எங்கை இருக்கிறியள்?"

"லோசான் பக்கம்."

"பேர்?"

"நடராசா."

மனுசியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஜெயந்தியின் முகத்தைப் பார்த்தாள். ஜெயந்தி யன்னலைப் பார்த்தாள். உயரமான கல்வளைவுப் பாலம் ஒன்று வரப்போகிறது என்று பெட்டியிலிருந்த மற்ற எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து ஓடிப் படம் எடுத்தார்கள். மகேஸ்வரன் ஓடவில்லை, கூட்டம் கூடுகிற இடத்தில்தான் பை களவு போகும். எல்லோரும் திரும்பி வந்து இருந்த பிறகு அந்த மனுசி மெதுவாக, வேண்டிக் கேட்பது போல, மறுபடியும் கேட்டாள்.

"பிள்ளையள் இருக்கினமோ அண்ணை? பெம்பிளைப் பிள்ளை ஏதும்...?"

மகேஸ்வரனுக்கு உள்ளே மணி அடித்தது. கலியாணப் புரோக்கர்! இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தி கொண்டுபோகிறவள். பெண் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கே ஜோர்ஜின் காதுக்குப் போய்விடும், பெண் வீட்டார் திருட்டுத்தனமாக வந்து பார்க்கிறார்கள் என்று.

"இல்லை," என்றார். "எங்களுக்குப் பெம்பிளைப் பிள்ளை இல்லை."

ஜெயந்தி சட்டென்று திரும்பிக் கணவனைப் பார்த்தாள். ஊர்ப் பெயர்கள் எத்தனையை அவள் விழுங்கியிருக்கிறாள்; இது தொண்டையில் நின்றது. பிள்ளை பிறந்த அன்று மருத்துவமனையில் தாதியைக்கூட நம்பாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்த மனிதர் இவர். அவள் வாய் திறக்கப் போனாள். அவர் முழங்காலால் ஒரு இடி இடித்தார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அப்படிப் பேசாமல் இருந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அந்த மனுசி பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அடங்கியதும் மகேஸ்வரனுக்குத் தைரியம் வந்தது. வெளியே ஒரு வெள்ளைத் தேவாலயம் தெரிந்தது. ஒரு சுரங்கம் கழிய அதே தேவாலயம் மற்றப் பக்கத்தில், கீழே, திரும்பவும் தெரிந்தது. மனிதர் பதறிவிட்டார்.

"இது என்ன, வந்த இடத்துக்கே திரும்பிப் போகுதோ?"

"இல்லை அண்ணை. நேரே ஏறேலாது எண்டு ரயில் மலையைச் சுத்திச் சுத்தி ஏறுது. அதே ஊர்தான் தெரியும், ஆனா நாங்கள் மேலை வந்திட்டம்."

"உங்களுக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரியும் போலை."

"இருபத்தாறு வருசம். ஒரு ஹோட்டல் லாண்டறியிலை நிக்கிறன்."

"அப்ப இஞ்சை தமிழ் ஆக்கள் எல்லாரையும் தெரியுமோ?"

"கொஞ்சப் பேர்தானே. தெரியும்."

மகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "எங்கடை சிநேகிதர் ஒராளுக்காக ஒரு விசாரிப்பு. ஜோர்ஜ் எண்டு ஒரு குக். மன்னார் ஆள். அவையள் எப்பிடி?"

அந்த மனுசி நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"ஜோர்ஜ் முந்தி நல்லாக் குடிச்சவர். சீசன் முடிஞ்சு வேலை இல்லாத மாசங்களிலை சரியான மோசம். மகனுக்குப் பன்னிரண்டு வயசிலை, பொடியன் தேப்பனோடை கதைக்கிறதை நிப்பாட்டினான். அதோடை விட்டவர், பிறகு தொடேல்லை."

மகேஸ்வரன் ஜெயந்தியைப் பார்த்தார். பார்த்தீரோ, என்றது அந்தப் பார்வை.

"தாய்?"

"தாய் வாய்க்காரி. மனசிலை வைச்சிருக்கத் தெரியாது. ரெண்டு ஹோட்டலிலை அவவின்ரை வாயாலைதான் வேலை போனது. காசு பணம் பெரிசா ஒண்டும் இல்லை. வாடகை வீடுதான்."

"ஆக்கள்... என்ன மாதிரி?"

"மன்னாரிலை கடலுக்குப் போன ஆக்கள் அண்ணை. அதைத்தானே கேக்கிறியள்?"

மகேஸ்வரன் இருமினார். ஆனால் அவருக்கு இந்த மனுசியை முதல் தடவையாகப் பிடித்திருந்தது. நல்லது சொல்கிறவர்களை அவர் நம்புவதே இல்லை. குறை சொல்கிறவர்களைத்தான் நம்புவார். இவள் யாராக இருக்கும் என்று அதற்குப் பிறகு அவர் யோசிக்கவேயில்லை. ஜோர்ஜ் வீட்டுக்கு ஆகாதவளாக இருக்கும், அவ்வளவுதான். எந்தக் குப்பைப் பையையும் அவிழ்த்துப் பார்க்கிற மனிதர் இதை மட்டும் அவிழ்க்காமல் விட்டுவிட்டார்.

"பொடியன்?"

இதற்கு மட்டும் அவள் கொஞ்சம் தயங்கினாள். "பொடியன் நல்லவன். அவன் விரும்புற பிள்ளையின்ரை தேப்பன் ஆறு மாசமா ஒரு பதிலும் சொல்லேல்லை எண்டு தாய் ஒருநாள் கத்தினவ. பொடியன் சொன்னான், ‘அம்மா, அவருக்கு இருக்கிறது ஒரு மகள். யோசிக்கத்தான் செய்வார். அவரைப் பற்றி என்னட்டை ஒரு சொல் சொல்லாதேங்கோ’ எண்டு."

ஜெயந்தியின் கண் கலங்கிவிட்டது. மகேஸ்வரனுக்கோ வேறு ஒன்று உறைத்தது. பெண்ணின் தகப்பன் பதில் சொல்லாமல் இருப்பது வீட்டுக்குள்ளே நடந்த கதை. இது இவளுக்கு எப்படித் தெரியும்?

ரயில் வேகம் குறைந்தது. சமேடன் என்று அறிவித்தார்கள். அந்த மனுசி எழும்பினாள். உடனே போகவில்லை. இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பெர்னடெற். ஸ்ரான்லியின்ரை அம்மா. இந்த ரயிலிலை வாறியள் எண்டு வேணுகா சொன்னவ. உங்கடை படமும் அனுப்பினவ, பாலத்திலை நிண்டு எடுத்தது. அப்பா எங்களைப் பாக்கத்தான் வாறார், ஆனா வெக்கத்திலை சொல்லமாட்டார், நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்டவ. அதுதான் லீவு எடுத்துக்கொண்டு கூருக்கு இறங்கி வந்தனான். வீட்டிலை அவர் சமைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

மகேஸ்வரன் அந்த மினுக்கிய சப்பாத்தை மறுபடியும் பார்த்தார்.

"ஊரை மாத்திச் சொன்னது பரவாயில்லை அண்ணை. பேரை மாத்தினதும் பரவாயில்லை. நாங்களும் அப்பிடிச் சொல்லித் தப்பி வந்த ஆக்கள்தான். வந்து விசாரிக்கிறது தேப்பன்ரை கடமை. அதுதான் எங்கடை குறையை ஒண்டும் ஒளிக்காமல் நானே சொன்னனான்." அவளுடைய குரல் தளர்ந்தது. "ஆனா அந்தப் பிள்ளையை ஏன் அண்ணை இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

கதவு திறந்தது. பெர்னடெற் இறங்கிவிட்டாள். ஜெயந்தி எழும்பித் தன் பையை எடுத்தாள்.

"எங்கை போறீர்?" என்றார் மகேஸ்வரன்.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்," என்றாள் ஜெயந்தி. "அவளுக்காகச் சமைச்சு வைச்சிருக்கினம். நான் போய்ச் சாப்பிடப் போறன். நீங்கள் நடராசா, உங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நீங்கள் மலையைப் பாருங்கோ."

அவர் பையைத் தேடி, ஜக்கெற்றைத் தேடி எழும்புவதற்குள் கதவு மூடிவிட்டது. ரயில் நகர்ந்தது. மேடையில் ஜெயந்தி அந்த மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வதும், அவள் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது. இரண்டு பேரும் ரயிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகேஸ்வரன் எதிர் இருக்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், எதற்கும் வெட்கப்பட்டதில்லை. பயத்தில் சொன்ன பொய்கள் அவை. இது பயத்தில் சொன்னதா என்று தன்னையே கேட்டார். என்ன பயம்? யாருக்கு?

அடுத்த நிறுத்தம் செலெரினா. சின்ன நிலையம். இறங்கி, திரும்பிப் போகிற ரயில் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல், அங்கே வாங்கில் இருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரனிடம் கேட்டார். அவன் கையைக் காட்டிய பக்கத்தில் போய் நின்றார்.

போன் அடித்தது. வேணுகா.

"அப்பா, ஆன்ரி வந்தவவோ? கண்டனீங்களோ?" குரலில் அவ்வளவு சந்தோஷம். மூச்சு வாங்கியது.

"ஓம் பிள்ளை. கண்டனான்."

"என்னிலை கோவமோ? நான்தான் சொன்னனான். உங்களுக்குச் சொன்னா வரமாட்டியள்." அவள் சிரித்தாள். பிறகு குரல் சின்னதாகிவிட்டது. "அப்பா, என்னைப் பற்றி அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

மகேஸ்வரன் தண்டவாளத்தைப் பார்த்தார். பொய் ஒன்று வாயில் வந்து தயாராக நின்றது, எப்போதும் போல.

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையம்மா," என்றார். "இப்பதான் திரும்பிப் போறன், சொல்லுறதுக்கு."